ஆடி மாதம் அப்பாவோடு நடக்க மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வழி சொல்லுங்கள்

வாவிக்கரை_மகள்:

வணக்கம். யூலை கடைசியில் நானும் அப்பாவும் மூன்று கிழமைக்கு ஊருக்கு வருகிறோம். அப்பாவுக்கு 71 வயது. ரொறன்ரோவில் தினமும் காலையில் ஒரு மணிநேரம் நடப்பார். பனி கொட்டினால் கடைத்தொகுதிக்குள் சுற்றிச் சுற்றி நடப்பார். ஊர் மண்ணில் அவரை நாலு நாளாவது நடக்க வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

பாசிக்குடா ஹோட்டல்கள், அறுகம்பை அலைச்சறுக்கு எல்லாம் யூடியூபில் பார்த்துச் சலித்துவிட்டது. வயல், வாவி, கடற்கரை என்று இரண்டு மூன்று மணிநேரத்தில் நடந்து முடிக்கக்கூடிய வழிகள் தெரிந்தால் சொல்லுங்கள். அப்பா பிறந்தது மண்டூர். நான் ஆரையம்பதியில் பிறந்து ஐந்து வயதில் வெளிக்கிட்டவள், எனக்கு ஒரு திசையும் தெரியாது.

அப்பாவிடம் இந்த யோசனையைச் சொன்னேன். "நடக்கிறதுக்கு என்னத்துக்குப் பிள்ள பிளேன் ஏறிப் போகணும்?" என்கிறார்.

கச்சான்கொட்டை:

அப்பா கெட்டிக்காரர். சரி, கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

நான் கல்லடி. காலையில் ஓடுகிறவன். ஐந்தரைக்குப் பழைய பாலத்தில் ஏறுங்கள். 1924இல் கட்டிய இரும்புப் பாலம். 2013இல் பக்கத்திலேயே புதியது திறந்த பிறகு பஸ், லொறி எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. பழையதில் விடியும் முன்பே தூண்டில்காரர்கள் நிற்பார்கள். நடக்கும்போது பின்னால் வீசுகிற தூண்டிலைப் பார்த்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒருமுறை தொப்பி போனது.

பாலத்தால் இறங்கிக் கடற்கரைக்கு வந்து, வடக்கே நாவலடிப் பக்கம் நடந்தால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. நிலம் ஒடுங்கி ஒடுங்கி முகத்துவாரத்தில் முடியும். அக்கரையில் பாலமீன்மடு வெளிச்சவீடு தெரியும், 1913இல் கட்டியது. காய்ந்த மணலில் நடந்தால் முழங்காலுக்குக் கேடு, தண்ணி நனைத்த ஓரத்தில் நடக்கச் சொல்லுங்கள்.

குளிக்க மட்டும் இறங்க வேண்டாம். கல்லடிக் கடல் கரையிலேயே ஆழம், இழுக்கும். குளிக்க ஆசையென்றால் பாசிக்குடாதான், அங்கே எவ்வளவு தூரம் போனாலும் இடுப்பளவு தண்ணி.

வட்டவிதானை:

தம்பி சொன்னது சரி, ஆனால் முக்கியமானதை விட்டுவிட்டார். மகள் வருவது ஆடியில். கச்சான் காற்று என்று ஒன்று இருக்கிறதல்லவா? தம்பியின் பெயரில் இருப்பது வேறு கச்சான், அது வறுத்துத் தின்கிறது. நான் சொல்வது நம்மை வறுக்கிறது.

தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே மழையெல்லாம் கொட்டிவிட்டு, வெறும் சூடாக மலையிறங்கி இந்தப் பக்கம் வரும். உதடு வெடிக்கும், கண் எரியும். காலை பத்து மணிக்குமேல் அந்தக் காற்றில் 71 வயது மனிதரை நடக்க வைப்பது பாவம். ஆகவே எங்கே நடப்பது என்று கேட்பதற்கு முன்னால் எப்போது நடப்பது என்று கேளுங்கள்.

எங்கள் வாவி வடக்குத் தெற்காக 56 கிலோமீற்றர் நீளம். கடல் பக்கக் கரை எழுவான்கரை, உள்நாட்டுப் பக்கம் படுவான்கரை. பெயரைக் கேட்டு ஏமாறக்கூடாது. விடியற்காலையில் சூரியன் வாவிக்கு மேலே எழும்புவதைப் பார்க்க வேண்டுமென்றால் நிற்க வேண்டியது படுவான்கரையில். பொழுது வாவிக்குள் விழுவதைப் பார்க்க எழுவான்கரைக்கு வர வேண்டும். காலையில் அங்கே, மாலையில் இங்கே. இதை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் மற்றதெல்லாம் தானாக வரும்.

இன்னொன்று. பார்ப்பதற்கென்று போட்ட நடைபாதை எங்கள் பக்கம் கிடையாது. வயலுக்குப் போக வரம்பு, குளத்துக்குப் போகக் கட்டு, கோயிலுக்குப் போக ஒரு வழி, அக்கரைக்குப் போகத் துறை. அவற்றில் ஏறிக்கொள்ள வேண்டியதுதான்.

வாவிக்கரை_மகள்:

ஐயா, "காலையில் அங்கே, மாலையில் இங்கே" என்பதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பாதை இன்னும் ஓடுதாமா?" என்று கேட்டார். எந்தப் பாதை என்று எனக்கு விளங்கவில்லை. ரோட்டா?

வட்டவிதானை:

ரோட்டு இல்லை மகள். வாவியில் ஆளையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகிற மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். மண்முனையில் ஒன்று ஓடியது, 2014இல் பாலம் வந்ததோடு நின்றுவிட்டது. குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கு ஒன்று. அப்பா கேட்டது குருமண்வெளி – மண்டூர்ப் பாதையாகத்தான் இருக்கும். அது ஓடுகிறது என்று சொல்லுங்கள்.

வேலையத்தவன்:

எல்லாரும் படுவான்கரை படுவான்கரை என்கிறீர்கள். யானையைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஆடியில் சிறுபோக வெள்ளாமை கதிர் முற்றி நிற்கும். மணம் பிடித்துக்கொண்டு அந்தியில் இறங்குவார்கள். வெல்லாவெளிப் பக்கம் என் மாமாவின் தென்னம்பிள்ளை பதினெட்டும் ஒரே இரவில் போனது. வெளிநாட்டிலிருந்து வருகிறவருக்கு வயல் வரம்பில் நடக்கச் சொல்லிக் கொடுக்கிறீர்கள். நல்ல ஆட்கள்.

வட்டவிதானை:

நியாயமான பேச்சு. நான் காலையைச் சொன்னேன், அந்தியைச் சொல்லவில்லை. மாலை நாலரைக்குப் பிறகு உட்பக்க வயல், குளக்கட்டு ஒன்றிலும் நிற்கக்கூடாது. விடியற்காலையிலும் இருட்டோடு போகக்கூடாது, வெளிச்சம் வந்த பிறகுதான். வாடியில் காவல் கிடந்தவர்கள் அந்நேரம் தேத்தண்ணி வைத்துக்கொண்டிருப்பார்கள். இரவு எந்தப் பக்கம் யானைவெடி கொளுத்தினார்கள் என்று அவர்களிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு நடக்க வேண்டும். கேட்காமல் நடக்கிறவன் உள்ளூர்க்காரனாக இருந்தாலும் மடையன்தான்.

உன்னிச்சைக் குளக்கட்டு எனக்குப் பிடித்த இடம். ஆனால் தனியாகப் போகிற இடமில்லை, ஊர் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

புன்னைநிழல்:

கச்சான்கொட்டைத் தம்பிக்கு ஒரு வார்த்தை. நாவலடியை வெறும் காட்சியாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். குறையாகச் சொல்லவில்லை. நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்திருப்பீர்கள்.

2004 டிசம்பர் 26 காலையில் நான் மாவிடித்துக் கொண்டிருந்தேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று எழுதினீர்களே, அதுதான் அன்றைக்கு எங்களுக்கு ஓட இடம் இல்லாமல் போனதற்குக் காரணம். இப்போதும் அந்தப் பக்கம் நடந்தால் அடம்பன் கொடிக்குள் ஒரு சீமெந்துத் தரை தெரியும். சிவப்புப் பூச்சு மங்கி, நடுவில் வெடித்து, வெடிப்புக்குள் புல். பக்கத்தில் கிணற்றுக் கொட்டு, கிணற்றுக்குள் இறக்குகிற சீமெந்து வளையம். சுற்றியிருந்த மண்ணைக் கடல் வாரிக்கொண்டு போனதால் அது நிலத்துக்கு மேலே ஓராள் உயரத்துக்கு நின்றது. பார்க்கிறவர்கள் என்னவோ தூண் என்று நினைப்பார்கள். அதில் நான் தண்ணி அள்ளியிருக்கிறேன்.

நடக்க வேண்டாம் என்று சொல்லவில்லை மகள். நடவுங்கள். நானும் மாதத்தில் ஒருநாள் போய் வருகிறேன்.

கச்சான்கொட்டை:

மன்னிக்க வேணும் அக்கா. அப்போது எனக்கு மூன்று வயது. அந்தக் கொட்டை நான் தண்ணித் தாங்கி உடைந்தது என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்தேன்.

காக்கா_நிந்தவூர்:

அம்பாறைக் கரைக்கு வருவோமா? யாரும் கல்முனைக்குத் தெற்கே இறங்கவில்லையே.

என் சின்ன வயதில் நிந்தவூரிலிருந்து ஒலுவில் வரைக்கும் கடற்கரையாலேயே நடந்து போவோம். கரைவலை இழுக்கிற இடத்தில் நின்று கயிறு பிடித்துக் கொடுத்தால் கைநிறையக் கீரிமீன் தருவார்கள், அதை உம்மாவிடம் கொடுத்தால் ஏச்சு இல்லை. இப்போது அந்தக் கரையில் முக்கால்வாசி கடலுக்குள். எங்கள் பக்கத்துக் கடல் மணலை வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கும். ஒலுவிலில் துறைமுகத்துக்குக் கல்லணை நீட்டிய பிறகு மணல் தெற்குப் பக்கம் தேங்கி, வடக்கே வரவு குறைந்து, கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. தென்னை மரங்கள் வேரைக் காட்டிக்கொண்டு குப்புற விழுந்து கிடக்கும். அரிப்புக்குப் போட்ட கல்லில் நடப்பதெல்லாம் நடை இல்லை, அப்பாவைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

எங்கள் கரையில் வேண்டுமென்றால் தெற்கே இறங்கித் திருக்கோவிலுக்குப் போங்கள். மருதமுனையில் நெசவுச் சத்தம் கேட்கிறதா என்று வழியில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பாருங்கள், சாரம் ஒன்று வாங்கலாம். அது நடை சம்பந்தப்பட்டதில்லை, சும்மா சொன்னேன்.

யாத்திரைக்காரி:

காக்கா என்னை அழைத்துவிட்டார். நான் தம்பிலுவில். படிப்பித்து ஓய்வு பெற்றவள். கதிர்காமத்துக்கு நாலு முறை காட்டு வழியால் நடந்திருக்கிறேன். முழு யாத்திரை யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியில் தொடங்குவது. நாங்கள் பாதியில் சேர்ந்துகொள்கிற கூட்டம்.

அப்பாவுக்கு அந்தக் காட்டு வழியைச் சொல்ல மாட்டேன். உகந்தை தாண்டிக் குமுக்கன் ஆறு, நாவலடி (இது காட்டுக்குள் இருக்கிற நாவலடி), வியாழை, கட்டகாமம் என்று நாட்கணக்கில் போக வேண்டும். தண்ணீரைச் சுமந்துகொண்டு போக வேண்டும். கொடியேற்றத்தை ஒட்டிச் சில நாட்களுக்குத்தான் காட்டுக் கதவைத் திறப்பார்கள். ஆனால் அந்த வழியில் எங்கள் ஊர்ப் பகுதி மட்டும் தனியாகவே நடக்கலாம். திருக்கோவில் சித்திரவேலாயுதர் கோயில் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு வந்தால் கால் வைக்க இடமிருக்காது, அதற்கு முதல் கிழமை வாருங்கள். அங்கிருந்து தெற்கே விநாயகபுரம், தாண்டியடி, சங்கமன்கண்டி, கோமாரி. சங்கமன்கண்டி முனைதான் இலங்கையின் கிழக்கு அந்தம், அதற்கு அங்கால் நிலம் இல்லை. நாட்டில் முதல் வெயில் படுவது அங்கேதான் என்று என் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மலைமேல் பிள்ளையார் இருக்கிறார்.

திருக்கோவிலிலிருந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நடக்க வேண்டாம். கோமாரி வரை பஸ்ஸில் வந்து, அங்கே கடற்கரையில் ஒரு மணிநேரம் நடந்தால் போதும். சனம் குறைவு. இராவணன் மீசை புல் தெரியுமா? ஆடியில் அதன் காய்ந்த பந்துகள் கழன்று, முள்ளையே காலாக ஊன்றி, கச்சான் தள்ளத் தள்ள மணலில் உருண்டு ஓடும். நாலைந்து ஒரே நேரத்தில் கடலை நோக்கி ஓடும், ஈர மணலைத் தொட்டதும் நிற்கும். முதல் யாத்திரையில் என்னோடு வந்த ஒரு கிழவி அவற்றைப் பார்த்து, "இதுகளும் தீர்த்தமாடப் போகுதுகள்" என்றார். அதற்குப் பிறகு அந்தப் புல்லை வேறு விதமாகப் பார்க்க எனக்கு முடியவில்லை.

வேலையத்தவன்:

டீச்சர் எழுதினால் சும்மா இருக்கிறவனுக்கும் நடக்க ஆசை வரும். அப்புறம் ஒரு கேள்வி. எங்கள் வாவியில் இருப்பதாகச் சொல்கிற பாடும் மீனை யாராவது உண்மையாகக் கேட்டிருக்கிறீர்களா? எல்லாத் தோரணத்திலும் வளைவிலும் மீன் சிலை இருக்கிறது. பாடினதாகத்தான் தெரியவில்லை.

புன்னைநிழல்:

நான் கேட்டிருக்கிறேன். கல்யாணமான புதிதில், பறுவத்தன்று, அதாவது முழுநிலவு நாளில், கல்லடிப் பாலத்துக்குக் கீழே தோணியில். துடுப்பைத் தண்ணிக்குள் விட்டு மேல்நுனியைக் காதில் வைக்கச் சொன்னார் இவர். ஈரமான விரலால் கண்ணாடிக் கோப்பை விளிம்பைச் சுற்றித் தேய்த்தால் ஒரு சத்தம் வருமே, அந்த மாதிரி, ஆனால் தூரத்தில். மீனா, சிப்பியா, நத்தையா என்று அப்போதே சண்டை பிடித்தோம்.

கச்சான்கொட்டை:

நான் பத்துப் பறுவம் போய் நின்றிருக்கிறேன். கேட்டது ஓட்டோவில் போட்ட பாட்டு மட்டும். அக்கா, சித்திரை முதல் புரட்டாதி வரைதான் கேட்குமாம், வாவி அமைதியாக இருக்க வேண்டுமாம். மகள் வரும்போது ஒரு பறுவம் வரும். முயற்சி செய்து பார்க்கட்டும்.

வட்டவிதானை:

மகளுக்கு நாளை எண்ணி ஒரு வழி போட்டுத் தருகிறேன். பத்து நாளைக்குப் பத்து இடம் சொன்னால் ஒன்றும் நடக்காது.

களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இரவு தங்குங்கள். விடியக் குருமண்வெளித் துறைக்கு வந்து, பாதையில் மண்டூருக்கு ஏறுங்கள். இறங்கியதும் முருகன் கோயில். சின்னக் கதிர்காமம் என்பார்கள், கதிர்காமத்தில் போலவே இங்கேயும் வாய்கட்டித்தான் பூசை. பிறகு வெல்லாவெளி, போரதீவு வழியாக வாவியைச் சுற்றி வந்து, பட்டிருப்புப் பாலத்தால் களுவாஞ்சிகுடிக்குத் திரும்பலாம். முழுவதும் நடக்க வேண்டாம். வெல்லாவெளியில் ஓட்டோ பிடியுங்கள், போரதீவில் இறங்கி மீதியை நடவுங்கள். வயல் ஒரு பக்கம், தாமரைக் குளம் ஒரு பக்கம்.

இரண்டு எச்சரிக்கை. கரையோரம் தில்லை மரம் நிற்கும், கொப்பை ஒடிக்கக்கூடாது, பால் கண்ணில் பட்டால் தாங்க முடியாது. வாவிக்குள் கால் கழுவ இறங்கக்கூடாது, முதலை இருக்கிறது. அப்பாவுக்கு இரண்டும் தெரிந்திருக்கும். ஆனால் 40 வருடம் வெளியில் இருந்தவருக்கு மறந்திருக்கவும் கூடும்.

வாவிக்கரை_மகள்:

எல்லாருக்கும் நன்றி. டிக்கெட் எடுத்தாயிற்று. வந்து போன பிறகு எழுதுகிறேன்.

வாவிக்கரை_மகள்:

போய் வந்துவிட்டோம். எழுதப் பிந்திவிட்டது, மன்னியுங்கள்.

கல்லடியில் இரண்டு காலை நடந்தோம். புன்னைநிழல் அக்கா, கொட்டைக் கண்டோம். அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்த இடத்தைக் கடந்தார். நான் சொல்லவில்லை, அவராகத்தான். பறுவத்தன்று பாலத்தில் நின்றோம், ஒன்றும் கேட்கவில்லை. அப்பா கேட்டது என்கிறார். நம்பவில்லை.

கோமாரியில் டீச்சர் சொன்ன புல் பந்துகளைப் பிடிக்க நான்தான் ஓடினேன், கை முழுக்க முள். ஒன்றைக் கடதாசிப் பெட்டியில் வைத்துக் கொண்டு வர நினைத்தேன். விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள் என்று அங்கேயே விட்டுவிட்டேன்.

மண்டூர்க் கதைதான் பெரிய கதை. ஐந்தே முக்காலுக்குத் துறைக்கு வந்துவிட்டோம். பாதையில் பதினைந்து பேர் இருப்போம், ஐந்து மோட்டார் சைக்கிள், பள்ளிக்கூட உடுப்பில் இரண்டு பெட்டைகள், ஒரு அண்டா நிறையத் தயிர்ச்சட்டி. அந்தக் காலத்தில் கம்பு ஊன்றித் தள்ளுவார்களாம், இப்போது எஞ்சின். பாதி வழியில் சூரியன் பின்னால் தென்னைக்கு மேலே வந்தது. எல்லாருடைய நிழலும் முன்னால் மண்டூரை நோக்கி நீண்டது. ஐயா சொன்ன "காலையில் அங்கே" அப்போதுதான் எனக்கு விளங்கியது. அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்க்காமல், எஞ்சின்காரப் பொடியனின் கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அக்கரையில் இறங்கினார். நேராகத் தண்ணீரில் கால் கழுவப் போனார். நான் கத்தினேன். "இந்த முதலைக்கு என்னைத் தெரியும்" என்றார்.

கோயில் கும்பிட்டு வெளியே வந்து, வெல்லாவெளிக்கு நடப்போம் என்று வெளிக்கிட்டால், துறையடித் தேத்தண்ணிக் கடையில் ஒரு பெரியவர் அப்பாவை மேலும் கீழும் பார்த்து, "நீங்க ஆர்ர மகன்?" என்றார். அவ்வளவுதான். இரண்டரை மணிநேரம். யார் யாரைக் கட்டியது, எந்த வயல் யாருக்குப் போனது, எந்த மாமரம் பட்டுப்போனது. இடையில் இன்னும் மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள். பத்தரைக்குக் கச்சான் எழும்பிப் புழுதி கண்ணில் அடித்தது, பிறகு எங்கே நடப்பது? அடுத்த பாதையில் திரும்பி வந்துவிட்டோம்.

கச்சான்கொட்டை:

அப்போ மொத்தம் எத்தனை கிலோமீற்றர் நடந்தீர்கள்?

வாவிக்கரை_மகள்:

துறையிலிருந்து கோயில், கோயிலிலிருந்து கடை, கடையிலிருந்து துறை. போனில் பார்த்தேன், ஒரு கிலோமீற்றர்கூட இல்லை. அப்பா மட்டும் ரொறன்ரோவில் எல்லாரிடமும் "ஊர் முழுக்க நடந்து பார்த்தேன்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

வட்டவிதானை:

மகள், அந்தத் தேத்தண்ணிக் கடை துறைக்கு இடப்பக்கமா, வலப்பக்கமா?

வாவிக்கரை_மகள்:

கோயிலைப் பார்த்து நின்றால் இடப்பக்கம். தகரக் கூரை, வாசலில் பச்சை வாங்கு. ஏன் ஐயா?

வட்டவிதானை:

அது என் மச்சினன் கடை. கனடாவிலிருந்து வந்த ஒருவர் மூன்று தேத்தண்ணியும் இரண்டு வடையும் கடன் சொல்லிவிட்டுப் போனதாகப் போன கிழமை சொன்னார். கொப்பியில் அப்பாவின் பெயரை எழுதி வைத்திருக்கிறார்.

வாவிக்கரை_மகள்:

ஐயோ, அப்பாவின் சட்டைப் பையில் காசு இருந்ததே! நான்தான் காலையில் ஐயாயிரம் ரூபா வைத்துவிட்டேன்.

வட்டவிதானை:

அவசரமில்லை. வரும்போது கொடுக்கட்டும்.